அடைக்கோழிக்கு இரை வைப்பது யார்?



எழுதுவதற்கு எத்தனையோ விடயங்கள் இருக்க, இவ்வாரம் ஒரு கோழியைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறேன். சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் உங்களுட் பலரின் வீட்டுக் கோடியில் ஒரு கோழிக்கூடு இருக்கும். வருடத்தில் ஒரு முறையாவது அதில் ஒரு பேடு அடை கிடக்கும். அந்தப் பேடு எம்முன் வைக்கும் ஒழுக்கக் கேள்வி ஒன்றுண்டு. அதைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வயோதிப மாது எனக்குச் சுட்டிக்காட்டினார். அன்று தொடக்கம் அக்கேள்வி என்னை விடவில்லை.

கேள்வி இதுதான்: பிறருக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் ஓர் உயிரைக் கண்டால் நாம் செய்யவேண்டியது என்ன? அதைப் புகழ்வதா, அதற்கு உணவு கொடுப்பதா?

பிரசங்கமும் கோழியும்

அப்போது நான் கடற்கரையை அண்டிய ஒரு பங்கிற் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அறைவீட்டின் பின் விறாந்தையில், பழைய கடகம் ஒன்றில் மணலும் வைக்கோலும் பரப்பி, நாட்டுப் பேடு ஒன்றைப் பதினொரு முட்டைகளில் அடை வைத்திருந்தோம். போகும்போதும் வரும்போதும் நான் அதைப் பார்ப்பேன். சோளகக் காற்று மணலை வாரி இறைக்கும். குசினியிலிருந்து சோற்று மணம் வரும். மற்றக் கோழிகள் முற்றத்திற் கிளறித் திரியும். இது மட்டும் அசையாது. அந்த அசைவின்மை எனக்குப் பெரிய பாடமாகத் தோன்றிற்று.

வந்த ஞாயிறு அன்னையர் தினம். பிரசங்கத்தில் அந்தக் கோழியையே உவமையாக எடுத்தேன். பசியை வென்று, தாகத்தை வென்று, பிள்ளைகளுக்காகத் தவங்கிடக்கும் அந்தப் பேட்டைப் போன்றவர்களே எமது தாய்மார் என்று சொன்னேன். சிலர் கண்கலங்கினர். நல்ல பிரசங்கம் என்று எனக்கும் பட்டது.

பூசை முடிந்ததும், கோவிலைக் கூட்டித் துப்புரவாக்க வரும் ஆச்சி ஒருவர் நேரே பின் விறாந்தைக்குப் போனார். கோழியின் வயிற்றின்கீழ்க் கையை விட்டுத் தூக்கினார். அது அவருடைய கையைக் கொத்தியது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

“சுவாமி, இஞ்சை வந்து பிடிச்சுப் பாருங்கோ. எலும்பாய்ப் போச்சு. இன்னும் நாலு நாளிலை செத்துப்போகும்” என்றார்.

பிடித்துப் பார்த்தேன். நெஞ்செலும்பு கத்தியின் விளிம்பு போல விரலிற் தட்டுப்பட்டது. அதன் இரு புறமும் இருக்கவேண்டிய தசை வற்றியிருந்தது. சிவந்திருக்கவேண்டிய கொண்டை வெளிறிச் சாய்ந்து கிடந்தது. இறகை விலக்கியபோது தோலிற் பேன் ஊர்ந்தது. அடை வைத்து அன்று 16-ஆம் நாள்.

“இது கடைசியாய் எப்ப தண்ணி குடிச்சது?” என்று ஆச்சி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பதினாறு நாளும் அதைப் பார்த்து வியந்துகொண்டிருந்த எனக்கு, அது இறங்கிப்போய் ஒரு வாய் தண்ணீர் குடித்ததா என்பது தெரியவில்லை.

“புகழ்ந்தாற் காணுமே சுவாமி? இரை வைக்க வேண்டாமே?” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கோழி வளர்க்கத் தெரியாத ஒருவருக்குச் சொல்வது போலவே சொன்னார்.

பசி உறங்கும் காலம்

அடை கிடக்கும் கோழியின் நிலையை நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். முட்டை பொரிக்க 21 நாட்கள் செல்லும். அக்காலத்திற் பேட்டின் உடலில் புரோலக்ரின் என்னும் சுரப்பு மிகுந்து, அதனைக் கூட்டோடு கட்டிப்போட்டு விடுகிறது. நலமான பேடு நாளுக்கொரு முறை, இருபது நிமிடமளவில், கூட்டை விட்டிறங்கும். இரை தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டு, புழுதியிற் புரண்டு மீண்டும் ஏறிக்கொள்ளும். மற்றைய நேரமெல்லாம் முட்டைகளின் மேலேதான்.

ஷெரி, மிரோசோவ்ஸ்கி, ஹோகன் என்னும் ஆய்வாளர் மூவர், காட்டுக்கோழிப் பேடுகளை வைத்து இதனை ஆராய்ந்து 1980-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடைகாலத்திற் கோழி மெலிவது இரை தூரத்தில் இருப்பதனால் அன்று. இரையைக் கூட்டருகே வைத்தாலும் அது சிறிதளவே தின்னும். முட்டையை விட்டு எழும்பாதிருக்கும் பொருட்டு அதன் உடலே பசியின் அளவைத் தாழ்த்திவிடுகிறது. இதனால் உடல் நிறையிற் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். கொழுத்த நிலையில் அடையேறிய பேடு இதைத் தாங்கும். ஏற்கெனவே மெலிந்த பேடு, தொடர்ந்து முட்டையிட்டுக் களைத்த பேடு, பேன் பிடித்த பேடு தாங்காது.

வாசகரே, நான் பிரசங்கத்தில் எங்கே தவறினேன் என்பது இப்போது உமக்கு விளங்கும். அந்தக் கோழி பசியை வெல்லவில்லை. அதன் பசி உறங்கிக் கிடந்தது. பசி உறங்கியவர் “தா” என்று கேட்கமாட்டார். கேட்கவில்லையே, ஆகவே தேவையில்லைப் போலும் என்று நாம் இருந்துவிட்டால் அவர் எம் கண்முன்னே அழிந்துபோவார். அடைக்கோழியின் உணவுக்குப் பொறுப்பாளி அடைக்கோழி அன்று. அதனைச் சூழ இருந்து அதன் குஞ்சுகளை எதிர்பார்ப்பவர்களே பொறுப்பாளிகள்.

ஆச்சியின் வைத்தியம்

ஆச்சி செய்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கோழி வளர்க்கும் வீடுகளுக்கு உதவும். நாம் பேசவந்த விடயமும் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் இரை அன்று, தண்ணீர். இளஞ்சூட்டுத் தண்ணீரிற் சிறிது சீனி கரைத்து, கரண்டியாற் சொண்டின் ஓரத்திற் துளித்துளியாக வைத்தார். தொண்டைக்குள் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குட் போய்விடும் என்றார். அரை மணி நேரத்தின் பின்னரே உணவு: ஊறவைத்த குறுணல் ஒரு சிறங்கை, அதனோடு அவித்த முட்டையின் மஞ்சட்கருவிற் பாதியை நசித்துப் பிசைந்தது. அதற்கு மேற் கொடுக்கவில்லை. பட்டினி கிடந்த உயிருக்கு ஒரேயடியாக அள்ளிக் கொடுத்தால் இரைப்பை அடைத்துக்கொள்ளும். பின்னர் சாம்பலும் மணலுங் கலந்து, சிறகின்கீழும் வாலடியிலும் கையாலே தேய்த்துவிட்டார். கடகத்து வைக்கோலை எரித்துவிட்டுப் புதிதாகப் போட்டு, அதன்கீழ் வேப்பிலை பரப்பினார். பகலில் வெடிப்புகளில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தங் குடிக்கும் சிறு பூச்சிகள் அடைக்கூட்டிற்குப் பெரும் எதிரிகள். எழும்பாத கோழிதான் அவற்றுக்கு நல்ல இரை. இவ்வளவும் நடக்கையில் முட்டைகள் ஒரு துணியால் மூடப்பட்டிருந்தன. கால் மணி நேரம் ஆறினால் முட்டைக்கு ஒன்றும் வராது என்றார்.

மறுநாளும் அவ்வாறே செய்தார். ஆயினும் அன்று மாலை கோழியை நிலத்தில் விட்டபோது அதனால் நிற்க முடியவில்லை. கால் மடிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் ஆச்சியிடம் கேட்டேன்: “கோழியைக் காப்பாற்றுவதாயின் முட்டைகளை எறிய வேண்டும். குஞ்சுகள் வேண்டுமாயின் கோழியை இழக்க வேண்டும். எதைச் செய்வோம்?” குருமடத்திற் பல ஆண்டுகள் ஒழுக்கவியல் படித்த எனக்கு அந்த இரண்டு வழிகளே தெரிந்தன.

ஆச்சிக்கு மூன்றாவது வழி தெரிந்திருந்தது. அயல் வீட்டில் வேறொரு பேடு வெறுங்கூட்டில் அடை கிடந்தது. இருட்டியபின் அதனை வாங்கிவந்து கடகத்தில் வைத்து, பதினொரு முட்டைகளையும் ஒவ்வொன்றாக அதன்கீழ்த் தள்ளினார். இரவிற் செய்தாற் கோழி இடம் மாறியதைப் பெரிதுபடுத்தாது. விடியற்காலையில் அது முட்டைகளைத் தன்னுடையவை போலவே அணைத்துக்கொண்டிருந்தது.

எமது பேடு, வரிச்சுத் தட்டி அடித்த காற்றோட்டமான ஒரு பெட்டியில், மற்றக் கோழிகள் கொத்தாதபடி நிழலிற் தனியே வைக்கப்பட்டது. வயிற்றின்கீழ்க் காற்றுப் படும்போது அடைக்குணம் தணியும். சில ஊர்களில் அடையைக் கலைப்பதற்குக் கோழியைத் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். மூக்கில் இறகு செருகுவார்களும் உளர். அவை வெறும் வதை. பலவீனப்பட்ட கோழிக்கு மரணமாகவும் முடியும். நான்காம் நாள் அதன் கொறுகொறுப்பு நின்றது. அன்றைக்குத்தான் தானாகவே எழுந்து இரை கேட்டது. உறங்கிய பசி விழித்துக்கொண்டது. நாளுக்கு நான்கு முறை சிறுகச் சிறுகக் கொடுத்தோம்: நனைத்த தவிடு, குரக்கன், அரைத்த நெத்தலிக் கருவாடு, முருங்கையிலை. முதல் நாள் தராசிற் தொங்கவிட்டபோது 900 கிராம் இருந்தது, ஒரு மாதத்தின் பின் 1,300 கிராமுக்கு வந்தது. அயல் வீட்டுப் பேட்டின்கீழ் ஏழு குஞ்சுகள் பொரித்தன. எமது பேடு இரண்டு மாதங் கழித்து மீண்டும் முட்டையிட்டது.

ஓர் எச்சரிக்கை. மெலிந்த கோழியெல்லாம் பட்டினியால் மெலிந்ததன்று. பச்சையாகக் கழிந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், கழுத்துத் திருகினால், அது ராணிக்கெட் போன்ற தொற்றாக இருக்கலாம். அதைப் பிரித்து வைத்துக் கால்நடை வைத்தியரிடம் கேட்பதே முறை.

கோழிக்காக இவ்வளவா?

ஒரு கோழிக்கு இவ்வளவு பாடா, சட்டியில் வைத்திருந்தால் ஒரு நேரக் கறியாவது ஆகியிருக்குமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. கோழியைக் கொன்று உண்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. உண்பதற்காகக் கொல்வது வேறு. எமக்காக வேலை செய்யவிட்டு, அது அழிவதைக் கவனியாதிருப்பது வேறு. முன்னதில் எமக்கு நாம் செய்வது தெரியும். பின்னதில் நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று எம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு விதி உண்டு. வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டு, தாய் முட்டைகளின் மேலோ குஞ்சுகளின் மேலோ இருந்தால், தாயையும் சேர்த்து எடுக்கக்கூடாது, அதனைப் போகவிட வேண்டும். அடை கிடக்கும் பறவை தப்பியோடாது. அன்பே அதனைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. அந்த அன்பையே எமக்கு வாய்ப்பாக்கிக்கொள்ளாதே என்பதே அவ்விதியின் கருத்தென நான் கொள்கிறேன். இத்தகைய விதிகளை ஆராய்ந்த புனித தோமஸ் அக்குவீனாஸ், விலங்குகளிடம் இரங்கப் பழகியவன் மனிதரிடமும் இரங்குவதற்கு ஆயத்தமாகிறான் என்ற காரணத்தைக் காட்டுகிறார். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண் என்கிறது. மனிதரின் துயர் தீர்க்க முதலிற் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்று அங்கேயே சொல்கிறது. ஆச்சி செலவிட்டது ஒரு சிறங்கை குறுணலும் அரை முட்டையும் தன் நேரமுமே. இன்னொன்றையும் நினைவிற் கொள்வோம். 2009-க்குப் பின்னர் வன்னியில் மீளக்குடியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவற்றுட் கோழிகளும் இருந்தன. கணவனை இழந்த ஒரு தாய்க்கு ஐந்து கோழிகள் என்பது பிள்ளையின் கொப்பியும் பேனையும் ஆகும்.

எமது வீட்டு அடைக்கோழிகள்

தோமஸ் அக்குவீனாஸ் சொன்னது உண்மையானால், கோழியிடம் கற்ற பாடம் கோழியோடு நின்றுவிடக்கூடாது. இதை எழுதுவது எனக்கு இலகுவன்று.

என்னுடைய தாயார் எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். எல்லோருக்கும் பரிமாறியபின், சட்டியின் அடியில் எஞ்சியதை வழித்து உண்பார். எஞ்சாத நாட்களில் “எனக்குப் பசிக்கேல்லை” என்பார். நாங்கள் அதை நம்பினோம். கடைசிக் காலத்தில் வைத்தியரிடம் கொண்டுபோனபோது, இரத்தம் மிகக் குறைவு, இது இன்றைக்கு நேற்று வந்ததன்று, பல வருடத்துக் குறை என்றார். அவருடைய அடக்கத் திருப்பலியில் நான் பிரசங்கித்தேன். எல்லோருக்குங் கடைசியாக உண்ட தாய் என்று சொன்னேன். அதையே பின்னரும் பல கோவில்களிற் சொல்லியிருக்கிறேன். எட்டுப் பிள்ளைகளில் ஒருவராவது அந்தச் சட்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை என்பதை நான் எங்கும் சொன்னதில்லை. ஆச்சி கோழியைத் தூக்கி என் கையிற் தந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

“தியாகம்” என்ற சொல்லை நாம் கவனமாகப் பாவிக்க வேண்டும். ஒருவர் தாமாக ஏற்கும் தியாகம் புனிதமானது. அதன் பலனை அனுபவித்துக்கொண்டு அருகில் நிற்பவர் வாயில் அச்சொல் சிலவேளை ஒரு சாட்டாகிவிடுகிறது. புகழ்ந்துவிட்டால் உணவு கொடுக்கவேண்டிய கடமை தீர்ந்துவிட்டது போல ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. கிறிஸ்து சிலுவையைச் சுமக்கவில்லையா என்று நீர் கேட்கலாம். சுமந்தார். ஆனால் வழியில் நின்று பார்த்தவர்களை நாம் நினைவுகூர்வதில்லை. தோள் கொடுத்த சீரேனே ஊர்ச் சீமோனையே இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறோம். எருசலேமைப் பார்த்து வருந்தியபோது ஆண்டவர் தம்மைக் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிட்டார். அவர் மனம் நொந்தது, குஞ்சுகள் வர விரும்பவில்லையே என்பதற்காக. எம் தாய்மாரின் சிறகின்கீழ் வாழ்ந்துகொண்டு அச்சிறகின் மெலிவைக் காணாத நாம் எப்படிப்பட்ட குஞ்சுகள்?

ஆண்களுக்கு ஒரு சொல். புறா இனத்தில் ஆணும் அடை கிடக்கும். முற்பகலிலிருந்து பிற்பகல் வரை ஆணின் முறை. மற்றைய நேரம் பெட்டையின் முறை. சேவல் அப்படிச் செய்யாது. அது வேலியில் ஏறிக் கூவும். எம்முடைய வீடுகளில் எந்தப் பறவையின் வழக்கம் நடைபெறுகிறது என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். நோயாளியான மாமியை வருடக்கணக்கிற் பராமரிக்கும் மருமகள், தம்பி தங்கையருக்காகக் கலியாணத்தைத் தள்ளிப்போட்டு வெளிநாட்டில் இரட்டை வேலை செய்யும் அண்ணன், ஊனமுற்ற பிள்ளையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் – இவர்களெல்லாரும் அடை கிடப்பவர்களே. அவர்களுக்கு வேண்டியது பாராட்டன்று. அயல் வீட்டுப் பேடு செய்தது போல, யாராவது ஒருவர் வந்து முறை மாற்றுவதே வேண்டும்.

அடை கிடப்பவருக்கும் ஒரு வார்த்தை உண்டு. சேவல் சேராத பேடும் அடை கிடக்கும். கருக்கொள்ளாத முட்டைகளின் மேல் 21 நாள் கழிந்தும் எழும்பாமல் இருக்கும். ஏழாம் நாள் இரவில் முட்டையை ரோச் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால், உயிருள்ளதிற் செந்நரம்புகள் ஓடுவது தெரியும். உயிரற்றது வெறுமையாகத் தெரியும். நாம் எம்மைத் தேய்த்துக்கொள்ளும் காரியங்களுள்ளும் அப்படிப்பட்டவை உண்டு. குடிகார மகனுக்காகக் காலமெல்லாம் கடனடைக்கும் தாய் அவனை வளர்க்கிறாளா, அவனுடைய குடியை வளர்க்கிறாளா? வருத்தம் பெரிதாக இருப்பதனால் மட்டும் ஒரு காரியம் நல்லதாகிவிடாது. கூட்டின் மேல் இருப்பவருக்கு அது தெரியாது. வெளிச்சம் பிடித்துக் காட்ட இன்னொருவர் வேண்டும்.

உதவப் போகிறவர் ஒன்றை எதிர்பார்த்தே போகவேண்டும். ஆச்சியின் கையிற் கோழி கொத்தியது. “நான் பார்ப்பன், நீர் போம்” என்று எம் வீட்டவரும் சொல்வர். கோழியை நாம் பலவந்தமாகத் தூக்கலாம். மனிதரை அப்படித் தூக்க முடியாது, தூக்கவுங் கூடாது. ஆகவே அங்கே பொறுமை வேண்டும்: ஒருநாள் மறுத்தால் மறுநாளும் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டு நிற்காமல் வேலையில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். உறங்கிய பசி உடனே விழிக்காது. எமது பேட்டிற்கு நான்கு நாட்கள் சென்றன.

இன்றிரவு உங்கள் வீட்டிற் கோப்பைகள் வைக்கப்படும்போது, உங்கள் பங்கை எடுக்குமுன் எழுந்து போய்ச் சட்டிக்குட் பாருங்கள். பரிமாறுகிறவருக்கு அதில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். போதாவிட்டால் உங்கள் கோப்பையிலிருந்து எடுத்து வையுங்கள். “எனக்குப் பசிக்கேல்லை” என்று அவர் சொன்னால், நம்பிவிடாதீர்கள்.